இல்லாதவனைச் சிறையில் அடைக்க எந்த நீதிபதிக்கு அதிகாரம்?



கொச்சியில் ஒரு வங்கி இரண்டரை லட்சம் ரூபாய்க்கு டிக்ரி வாங்கியது. கடன்பட்டவர்களின் நிலபுலன் எல்லாம் ஜப்தியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஆளைப் பிடித்து சிவில் சிறையில் போட வாரண்ட் பிறந்தது. இன்றைக்கு அவர்களிடம் பணம் இருக்கிறதா என்று கீழ் நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. கேரள உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை.

1980 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலாமை ஒன்றுக்காகவே யாரையும் சிறையிடக் கூடாது என்கிறது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. இந்தியா 1979இல் அதில் சேர்ந்தது. உடன்படிக்கை தானாகவே நம் நாட்டுச் சட்டமாகிவிடாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு இருக்கிறதே! நேர்மையான நடைமுறை இல்லாமல் ஒருவரின் உடல் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது. வறுமையைக் குற்றமாக்குவது எப்படி நேர்மையாகும்?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவும் நீதிபதிக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. சொத்தை மறைத்தவன், ஓடப் பார்ப்பவன், கையில் வைத்துக்கொண்டே கொடுக்க மறுப்பவன்: இவர்களுக்குச் சிறை உண்டு, இருக்கட்டும். முன்பு பணம் இருந்தது, இப்போது இல்லை என்றால்? மருத்துவச் செலவோ வேறு நெருக்கடியோ அதை விழுங்கியிருக்கலாம். கெட்ட எண்ணம் நிரூபணமாக வேண்டும் என்றார் கிருஷ்ணய்யர்.

கடன் கொடுத்தவர் நஷ்டப்படுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே சட்டத்தின் 58ஆம் பிரிவைப் படியுங்கள்: 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு 3 மாதம் வரை உள்ளே வைக்கலாம், வெளியே வந்தாலும் கடனில் ஒரு பைசா குறையாது. சிறையில் இருப்பவனுக்கான பிழைப்புப்படியையும் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். மூன்று மாதக் கூலியை இழந்து வருகிறவன் எதைக் கொண்டு அடைப்பான்?

தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. இருந்தும், வசதியை விசாரிக்காமல் பிறப்பித்த கைது உத்தரவுகளை உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ரத்துசெய்ய வேண்டியிருக்கிறது. மேல்முறையீடு செய்யக் காசில்லாதவன் கதி என்ன? காரணத்தை எழுத்தில் பதியாத ஒவ்வொரு சிறை உத்தரவும் 51ஆம் பிரிவுக்கு விரோதமானது. இதை உரக்கச் சொல்வோம்!

கடனுக்காக நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். ஆஜராகாவிட்டால் அதைக் காட்டியே வாரண்ட் கேட்பார்கள். குறித்த தேதியில் போய் நில்லுங்கள். வரவு செலவை, கடனை, நோயைக் காகிதத்தோடு காட்டுங்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள்.