பயறு ஆய்ந்த கை

 

நாஞ்சில் நாடு சமணத்திற்குப் புதிய மண் அன்று. சிதறால் அருகே திருச்சாரணத்து மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் விளங்குகின்றன. விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் பார்சுவநாதரையும் மகாவீரரையும் இன்றும் காணலாம்.

இவற்றைத் தரிசிக்கச் செல்லும் குடும்பம் ஒன்று, நாகர்கோவிலுக்கு வடக்கே பூதப்பாண்டியில் நண்பர் வீட்டில் காலையில் தங்குவதாக எண்ணிக்கொள்க. வீட்டார் அன்போடு ஆக்க விரும்புவது பெரும்பயற்றுத் துவரன். தட்டைப்பயற்றையே அங்குப் பெரும்பயறு என்பர். துவரனுக்கான தேங்காய் அரைப்பில் உள்ளியும் பூண்டும் சேர்வதுண்டு. உண்டால் நோன்பு தவறும். மறுத்தால் விருந்தளிப்போர் உள்ளம் நோகும். இரண்டும் நேராமல் காப்பது, அதே பயற்றால் செய்யும் காய்க்கலவை.

முதல் பணி சுளகில் நிகழ்கிறது. வண்டு பயற்றின் மேல் முட்டையிடும். புழு உள்ளே துளைத்து வளரும். பின்னர் வட்டத் துளையிட்டு வண்டாக வெளிவரும். ஆகவே துளையுள்ள மணிகளையும், மேலே வெண்புள்ளிபோல் முட்டை ஒட்டிய மணிகளையும் நீக்குக. உயிருள்ளவற்றை நிழலில் விடுக. நன்கு உலர்ந்த பயற்றைச் சிறிது சிறிதாக வாங்கி, இறுக மூடி வைத்தால் இத்துன்பம் குறையும். வந்தபின் கொல்லுதலினும் வராமல் காத்தல் நன்று.

இரவெல்லாம் ஊறிய பயறு முளைவிடத் தொடங்கும். முளைத்த பயற்றை விலக்கும் குடும்பத்தார்க்கு எளிய வழி உண்டு. 200 கிராம் பயற்றைக் கழுவி, வடிகட்டிய நீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, 1 மணி நேரம் மூடிவைக்கலாம். அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீரில், மணி உடையாமல் மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். புளிப்பு முன்னரே சேர்ந்தால் தோல் இளகாது. எலுமிச்சைச் சாற்றை இறுதியிலேயே பிழிக. பெரும்பயற்றுக்கு மாற்றாக ராஜ்மா எடுப்போர், அதனை ஊறவைத்தபின் 10 நிமிடமேனும் தளதளவெனக் கொதிக்கவிட்டு முழுமையாக வேகவைத்தல் கட்டாயம். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியை உண்டாக்கும்.

ஆறிய பயற்றில் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், மாங்காய், தேங்காய்த் துருவல், உப்பு சேர்க்க. தேங்காயெண்ணெயில் கடுகு, சீரகம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் நாஞ்சில் மணம் வந்துவிடும். மண்ணுக்குள் விளையும் கேரட் வேண்டா. இஞ்சிக்கு மாற்றாகச் சுக்குப்பொடி ஒரு சிட்டிகை போதும். தயிர் ஊற்றிப் பச்சடியாக்கும் எண்ணம் எழலாம்; காய்ச்சாத பால், அதன் தயிர், மோர் இவற்றோடு பருப்பு வகைகளைக் கூட்டலாகாது என்பது நம் உணவு நெறி. எலுமிச்சையே அப்புளிப்பைத் தரும். காலையில் தொடங்கினால் நண்பகலில் இலைபோடலாம். ஆக்கியதை அன்றே, கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கலாம். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக்காய் விலக்குவோர், காய் சேர்க்காமல் பயற்றை மட்டும் சீரகம் தாளித்து உண்ணலாம்.

இளையோர் சிலர், "நம் நெறி எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறதே" எனக் குறைபடுவர். அவர்களுக்கு விளக்கவுரையினும் ஒரு சுளகும் ஒரு படிப் பயறும் நல்லாசிரியர். ஒவ்வொரு மணியையும் பார்த்து எடுக்கும் விரலுக்கு, கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிரும் உயிரே எனத் தெரியவரும். பூதப்பாண்டி வீட்டாரும் விருந்தினரும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே கலவையை மனநிறைவோடு உண்பர். விலக்கு பிரிவினையாகாமல் உறவாகும் இடம் அது.

வருகின்ற பண்டிகையில் ஒவ்வோர் இல்லத்துப் பிள்ளைகளும் சுளகின் முன் ஒரு நாழிகை அமரட்டும். அகிம்சை அங்கே தொடங்கட்டும்.

வாழ்க அறம்!