பல்கலைக்கழக விழாவில் படக்காட்சி



தானா ராத்தாவிலிருந்தும் ரிங்லெட்டிலிருந்தும் தாப்பா வழியே மலையிறங்கிப் பல்கலைக்கழகம் போகின்ற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். போன சில மாதங்களில் அவர்களிடமிருந்து ஒரு செய்தி வரும். "அம்மா, இங்கே விழா நடக்கிறது. மூன்று நாளும் இரவில் படம் காட்டுகிறார்கள்" என்பார்கள். கேட்டவுடன் தாய்க்குச் சுருக்கென்கிறது. கொழுந்து நிறுத்துச் சேர்த்த காசில் படிக்கப் போன பிள்ளை படம் பார்க்கிறதா? "அதற்கா உன்னை அனுப்பினோம்?" என்று கேட்டுவிடுகிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படக்காட்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு கேட்டால் கேள்வியே வேறாகிவிடும். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

படம் என்பது நமக்குப் புதிதன்று. 1946ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மலாயாப் படப்பிரிவு என்று ஓர் அரசாங்க நிலையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுதான் ஃபிலம் நெகாரா ஆயிற்று. அது எடுத்த செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டந்தோட்டமாகக் கொண்டு போயின. தனியார் படக்காரர்களும் வந்தார்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். முன்பக்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய்ப் பாயை விரிப்பார்கள். அங்கேயும் படம் தெரியும். என்ன, எழுத்தெல்லாம் தலைமாறி நிற்கும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார்! அதனால் யாருக்கும் குறை இருந்ததில்லை. படம் முடிந்ததும் தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்புவோம். விடிந்தால் பெரட்டு. பார்த்த படத்தைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் ஏது?

பல்கலைக்கழகக் காட்சிக்கும் நம் திடல் காட்சிக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே படம் முடியும்போது பாதி நிகழ்ச்சிதான் முடிந்திருக்கிறது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம், பிள்ளைகள் கேட்பார்கள். அந்த நாளில் வளாகங்களிலும் தோட்டங்களிலும் ஓடியது பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள். கொட்டகைகளில் ஓடியது 35 மில்லிமீட்டர். இரண்டிலும் ஒரு விநாடிக்கு 24 அசையாப் படங்கள் திரையில் விழுகின்றன. கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்து அசைவாகக் காண்கிறது. அப்படியானால் ஒரு நிமிடத்திற்கு எத்தனை? 1,440. நம் தானா ராத்தா கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய அத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறக்காமலிருக்க இது உதவும். 16 மில்லிமீட்டர்ச் சுருள் நிமிடத்திற்கு 36 அடி ஓடும். இரண்டு மணி நேரப் படத்திற்கு நாலாயிரத்துச் சொச்சம் அடி. சுருளை மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். இன்று சுருளும் இல்லை, மாற்றுவதும் இல்லை. கணினியிலிருந்து படம் நேரே திரைக்குப் போகிறது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பை ஒட்டி 'பெஸ்தா கொன்வோ' என்ற விழா நடப்பதுண்டு. கடைகள், கண்காட்சி, பாட்டு, கூத்து எல்லாம் இருக்கும். மொழிக் கழகங்களும் மாணவர் சங்கங்களும் தனித்தனியே விழா எடுப்பதும் உண்டு. அவற்றில் ஒரு மூலையில், விரிவுரை மண்டபத்தில், படம் காட்டுவார்கள். முதலில் ஒருவர் எழுந்து படத்தை எடுத்தவர் யார், எந்த ஆண்டில் எடுத்தார் என்று சொல்வார். பிறகு படம். முடிந்ததும் விளக்கு எரியும். "யார் பேசுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். படம் பொய் சொல்கிறது என்று ஒருவர் சொல்லலாம். இல்லை என்று இன்னொருவர் மறுக்கலாம். சில வேளை படத்தை எடுத்தவரே அங்கு வந்து உட்கார்ந்திருப்பார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

இந்தப் பழக்கம் பழையது. லண்டனில் 1925ஆம் ஆண்டில் 'ஃபிலிம் சொசைட்டி' என்ற சங்கம் தொடங்கியது. கொட்டகைக்காரர்கள் காட்டாத படங்களை உறுப்பினர்கள் சந்தா கட்டிப் பார்த்தார்கள். கல்கத்தாவில் 1947ஆம் ஆண்டில் சத்யஜித் ராயும் நண்பர்களும் அப்படி ஒரு சங்கம் அமைத்தார்கள். அப்போது ராய் ஒரு விளம்பர நிறுவனத்தில் சம்பளத்திற்கு இருந்தவர். பார்த்தும் பேசியும் பழகிய அவர் 1955ஆம் ஆண்டில் 'பதேர் பாஞ்சாலி' என்ற படத்தை வெளியிட்டார். ஓர் ஏழைக் கிராமத்துக் குடும்பத்தின் கதை. அதை உலகம் முழுவதும் பார்த்தது. படம் பார்ப்பவர் எல்லாரும் ராய் ஆகிவிடமாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சரிதான். அதற்காக இதைச் சொல்லவில்லை.

பின் எதற்காக? தேயிலைத் தோட்டத்தைப் பற்றியே ஒரு படம் இருக்கிறது, அதற்காக. பெயர் 'சாங் ஆஃப் சிலோன்'. இலங்கையின் பாட்டு என்று பொருள். பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் 1934ஆம் ஆண்டில் எடுத்தது. நம் மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929ஆம் ஆண்டு. அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரச்சாரச் சபை. சுமார் நாற்பது நிமிடம் ஓடும். அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. படக்கலை கற்பிக்கின்ற இடங்களில் இன்றும் பாடமாக இருப்பது.

அழகான படம், அதில் ஐயமில்லை. மலையும் பனியும் புத்த விகாரமும் கண்ணுக்குள் நிற்கும். மூன்றாம் பகுதியில் கொழுந்து எடுக்கிற பெண்கள் வருகிறார்கள். கூடையும் முக்காடும் வேகமாக ஓடும் விரலும் நாம் அறிந்தவைதான். ஆனால் காதில் விழுவது என்ன? சந்தை விலையும் கப்பல் அறிவிப்பும். விளக்கவுரையோ 1681ஆம் ஆண்டில் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலிலிருந்து எடுத்தது. படித்தவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட். படமெடுத்தது இலங்கையில், ஒலி சேர்த்தது லண்டனில். ஆகவே அந்தப் பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள், என்ன பாடினார்கள், கங்காணியை என்ன ஏசினார்கள் என்பது அதில் இல்லை. எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக ஊர் ஊராய் மாணவர்கள் அந்தப் பெண்களைப் பார்க்கிறார்கள். ஒரு சொல்லும் கேட்டதில்லை.

நம்மவர்களே எடுத்த படங்கள் பின்னால் வந்தன. தீபக் குமரன் மேனன் 2005ஆம் ஆண்டில் 'செம்மண் சாலை' எடுத்தார். அறுபதுகளின் ரப்பர்த் தோட்டம். படிப்பில் கெட்டிக்காரியான ஒரு பெண் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள், வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. 2015ஆம் ஆண்டில் சஞ்சை குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எப்படித் தடம் மாறுகிறான் என்ற கதை. மலாயில் கெட்டது என்று பொருள்படும் 'ஜஹாட்' நம் வாயில் ஜகாட் ஆயிற்று, அதுவே தலைப்பு. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் மொழிவாரியாகப் பரிசைப் பிரித்திருந்தார்கள். கலைஞர்கள் பலர், மலாய்க்காரர்களும் சேர்ந்து, எதிர்ப்புத் தெரிவித்த பின் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. சிறந்த மலேசியப் படம் என்ற பரிசு ஜகாட்டுக்கே கிடைத்தது. இந்த இரண்டு படங்களிலும் தோட்டத்து மனிதர் தோட்டத்துத் தமிழில் பேசுகிறார்கள்.

இனி மண்டபத்துக்கு வருவோம். விளக்கு எரிந்துவிட்டது, "யார் பேசுகிறீர்கள்?" என்கிறார்கள். மூன்றாம் வரிசையில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டால் "கேமரன் மலை" என்று சொல்லியிருக்கும். "ஓ, ஸ்ட்ராபெரி!" என்று மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். அதற்கு மேல் பேச்சு போயிருக்காது. தோட்டம் என்று சொல்ல நா எழவில்லை. இது ஒரு பிள்ளையின் குறையன்று. பல பிள்ளைகளிடம் நாம் கண்டிருக்கிறோம். அந்த மண்டபத்தில் தேயிலையைப் பற்றிப் பேச அதைவிடத் தகுதி யாருக்கு உண்டு? பேராசிரியருக்குப் படம் எடுத்தவர் வரலாறு தெரியும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளிய காலம் நம் மலையில் பெரும்பாலும் போய்விட்டது, இப்போது பை கட்டிய கத்தரியும் இரண்டு ஆள் பிடிக்கும் இயந்திரமும்தான் என்பது நம் பிள்ளைக்குத் தெரியும். மழையில் நனைந்த கொழுந்தின் கனம் தெரியும். சரிவில் நாள் முழுதும் நின்றவரின் முழங்கால் இரவில் என்ன சொல்லும் என்பதும் தெரியும். இன்று பக்கத்து வரிசையில் வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் என்பதும், அவர்கள் பேச்சு எந்தப் படத்தில் கேட்கும் என்பதும் அங்கே எழுப்பத்தக்க கேள்விகள். பிள்ளை வாய் திறக்காவிட்டால் 1934ஆம் ஆண்டுப் படம் முடிந்த இடத்திலேயே முடிந்து நிற்கும்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது உண்டு. அடுத்த முறை தொலைபேசியில் "படம் பார்த்தேன்" என்று பிள்ளை சொன்னால், என்ன படம், யார் எடுத்தது, பிறகு யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய் என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரமாகும்; காத்திருங்கள். தாத்தா பாட்டியின் காலத்தில் எப்படி இருந்தது என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் எதற்கு?" என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது நூல்நிலையத்தில் கிடைக்காத பாடம்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். வளாகக் காட்சிகள் பெரும்பாலும் இலவசம், இல்லையேல் சிறு கட்டணம். தேர்வு நெருங்கும் வாரமாக இருந்தால் கண்டியுங்கள், அது உங்கள் உரிமை. இரவு நேரமாகுமென்றால் விடுதிக்கு எப்போது திரும்பினாய், யாருடன் திரும்பினாய் என்று கேட்பதிலும் தவறில்லை. இன்னொன்று: அதே படத்தை நம் தோட்டத்து மண்டபத்தில் போடலாமே என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். நல்ல யோசனைதான். படத்தை எடுத்தவரிடம் முதலில் இசைவு வாங்க வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, காட்டப்போகும் படம் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெற்றதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிர்வாகத்திடம் மண்டபம் கேட்கும்போது, படம் ஓடும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்தே கேளுங்கள். அது பேசுவதற்கு.