இலக்கும் மருத்துவரின் தீர்ப்பும்

சோதனை மேசையில் ஒரு பெண்ணைப் பரிசோதித்த அறுவை மருத்துவர், "இவருக்கு இன்று அறுவை வேண்டாம்" என்று கூற உரிமையுடையவரா? கோட்பாட்டளவில் இதற்கு மறுப்பில்லை. நடைமுறையில், இந்தியக் குடும்ப நலத் திட்டத்தின் வரலாறு வேறொரு விடையையும் தந்திருக்கிறது.

1952-ஆம் ஆண்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாடு, 1960-களின் நடுவிலிருந்து எண்ணிக்கை இலக்குகளால் அளக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77-இல், ஏறத்தாழ 43 லட்சம் என்னும் இலக்கையும் கடந்து, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. அவற்றைத் தொடர்ந்த 1,774 இறப்புகளை ஷா ஆணையம் பின்னர் பதிவு செய்தது. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று மருத்துவருக்கு எவரும் ஆணையிடவில்லை. ஊதியமும் பதவி உயர்வும் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டன, அவ்வளவே போதுமானதாயிற்று.

1996-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு முழுவதும் இலக்குகள் கைவிடப்பட்டன. ஆயினும் 'எதிர்பார்க்கப்படும் அளவு' போன்ற புதுப் பெயர்களில் அவை மாநிலங்களில் நிலவின. 2014 நவம்பர் 8-ஆம் நாள் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த முகாமில் அறுவை செய்துகொண்டவருள் 13 பேர் உயிரிழந்தனர். ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று கணக்கிடப் பெரிய கணிதம் தேவையில்லை. அந்த நிமிடங்களில் இரத்தச் சோகையைக் கவனிப்பதெப்போது, கருவிகளைத் தூய்மை செய்வதெப்போது?

ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு 30 அறுவைகளுக்கு மேல் செய்யலாகாது என்னும் விதி அப்போதே இருந்தது. விதிகள் அனைத்தும் மருத்துவரின் தற்சார்புக்குப் பகை என்று கருதுவோர் இதனை நோக்க வேண்டும். எண்ணிக்கைக்கு மேல்வரம்பு கட்டும் விதி, மறுக்க விரும்பும் மருத்துவருக்குத் துணை நிற்கிறது; கீழ்வரம்பு கட்டும் விதியோ அவர் வாயை அடைக்கிறது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைந்தவரை ஏற்கலாகாது என்பதும் முதல் வகையைச் சேர்ந்ததே.

தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தவும், இலக்குகள் விதிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளவும் பணித்தது. அத்தீர்ப்பு காத்தது பெண்களின் உரிமையை. மருத்துவரின் தொழில் உரிமையும் அதன் நிழலில் ஓரளவு காக்கப்பட்டது. மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில், எத்தனை அறுவைகள் நடந்தன என்பதோடு, எத்தனை பேர் எக்காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர் என்றும் கேட்கப்படுமானால், மறுத்த மருத்துவர் அங்கே விளக்கமளிக்க வேண்டிய குற்றவாளியாக நிற்கமாட்டார்.