தியாகிகள் பெயரில் ஓர் ஆஸ்பத்திரி



இன்றைய சத்தீஸ்கரிலுள்ள தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர் 11 பேர், 1977 ஜூனில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பின்னர், சங்கத் துணைத் தலைவி குசும் பாய் பிரசவத்தில் தக்க சிகிச்சையின்றி மாண்டார்.

தொழிலாளர் அழுதுவிட்டு ஓயவில்லை. காசு திரட்டினார்கள், தாங்களே உழைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். 1983 ஜூன் 3இல், தியாகிகள் நினைவு நாளில், 15 படுக்கைகளுடன் ஷஹீத் ஆஸ்பத்திரி திறந்தது. ஷஹீத் என்றால் தியாகி.

டாக்டர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள், மருந்து கொடுத்தவர்கள் யார்? பயிற்சி பெற்ற தொழிலாளரும் விவசாயிகளுமே!

வைத்தியம் பிச்சையல்ல, நமது உரிமை. நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்டா, நர்ஸ் உண்டா, மருந்து உண்டா, இரவில் பிரசவ அறை திறந்திருக்கிறதா? சங்கமாகத் திரண்டு கேட்போம். கேட்டுப் பெறுவோம்!