ஏரிக் காவலும் சீமைக் கருவேலும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் மேடையில் முள் மரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நிலமும் நீரும் பற்றிய அறிவு, பள்ளிக்கூடம் நம்மை உள்ளே விடுவதற்கு முன்னரே நம்மிடம் இருந்த கல்வியாகும். ஏரி மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று அளந்து பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் நம் முன்னோரே. மழை இரவில் கரையைக் காத்தவர்கள் அவர்கள். விளைந்த வயல் மட்டும் பிறருடையது.

1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் நம் மக்களின் நிலையை எடுத்துரைத்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம் என்பது விதி. விதி ஏட்டிலிருக்க, நிலம் கைமாறியது. எஞ்சியவற்றுள்ளும் உழ மாடின்றி, கிணறு வெட்ட முதலின்றித் தரிசாய்க் கிடப்பவை உள. அத்தரிசில்தான் சீமைக் கருவேல் புகுந்தது. வரப்பே தெரியாத முட்காட்டில் எல்லைக்கல்லை நகர்த்துவது எவ்வளவு எளிது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இம்மரம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றிற்கு உரியது. 1877ஆம் ஆண்டளவில், வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கும் என்னும் நோக்கில் சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அந்நோக்கம் பொய்க்கவில்லை. நம் தாய்மார்களின் அடுப்பை எரித்ததும், இராமநாதபுரம் சீமையில் கரிமூட்டம் போட்டோர்க்குக் கூலி தந்ததும் இதுவே. ஆகவே இதை அரக்கன் என்று பழிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. காற்றின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், நிழலில் கட்டிய ஆடுமாடு மலடாகும் என்றெல்லாம் பேசுவோர் உளர், அவற்றிற்குச் சான்றில்லை. ஏரியின் உள்வாயையும் வரத்துக் கால்வாயையும் அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கிறது, பிற செடிகளை வளரவிடாமல் நெருக்குகிறது என்பவை கண்ணால் காணும் உண்மைகள். அவையே போதும்.

நம் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு கோடையில் ஊர் இளைஞர்களுடன் சேர்ந்து, பள்ளிக்கு அருகிலிருந்த முட்காட்டை அரிவாளால் வெட்டிச் சாய்த்தோம். மாலை அணிவித்துப் பாராட்டுக் கூட்டமும் நடத்தினோம். மழை பெய்தது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் எழுந்தன. பி.ஏ., பி.எட். படித்த நமக்குத் தெரியாததை, கரிமூட்டம் போட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஐயா, நீங்க மரத்தை வெட்டல, கவாத்து பண்ணியிருக்கீங்க.”

முளைக்கும் மொட்டுகள் தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. தூரைச் சுற்றிப் பறித்து, ஒரு முழ ஆழம் வரையேனும் வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகிய நாட்களே அதற்கு ஏற்றவை. கன்றாயிருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம். நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும்; கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து முளைக்கும். நம் எருக்குழியிலிருந்தே நம் வயலுக்கு விதை போகிறது! நெற்றைப் பொறுக்கி விதையும் நொறுங்க அரைத்துக் கொடுத்தால் தீவனமும் ஆகும், பரவலும் குறையும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் காத்திருந்து முளைப்பதால், ஒருநாள் வேலையோடு முடிந்தது என்று எண்ணலாகாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சென்று பார்த்தல் வேண்டும்.

மரத்தை அறிந்தபின் வெட்டுக. ஆர்வத்தில் நாட்டுக் கருவேலையும், உடையையும், வன்னியையும் சாய்த்துவிட்ட ஊர்களும் உண்டு. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலை போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ நீண்ட கதிர். நெற்று முற்றினால் வெளிர்மஞ்சள் நிறமாகும். இவ்வேறுபாட்டைப் பயிற்சியின் முதல் நாளிலேயே, கிளையைக் கையில் கொடுத்துக் கற்பிப்போம்.

2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது. அதே ஆண்டில் அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனக் கொள்கை வகுத்தது. இனி வேலை நடக்கும்; பொக்லைன் இயந்திரங்கள் வரும். விறகு யாருக்கு, கூலி யாருக்கு, சீர்ப்பட்ட நிலம் யாருக்கு என்று கேட்க அங்கே நம் பிள்ளைகள் நிற்க வேண்டும். கடப்பாரை பிடிக்கும் கையே அ-பதிவேட்டையும், சிட்டாவையும், புலப்படத்தையும் புரட்டவும் பழக வேண்டும். ஏரி மரம் அரசுடைமை; எழுத்துமூலமான அனுமதியின்றித் தொட்டால் வழக்கு நம் மீதே பாயும். அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுவதும் நம் பயிற்சியில் ஒரு பாடம்.

அகற்றிய இடத்தை வெறுமையாய் விட்டால் முள்ளே திரும்பும். கரையில் பனை விதையும், தரிசில் வேம்பும் புங்கனும் நடுவோம். உழக்கூடிய நிலத்தில் முதல் பருவத்திலேயே கேழ்வரகோ எள்ளோ விதைப்போம்.

பெயர் கொடுக்க விரும்பும் ஆண்களும் பெண்களும் இன்று மாலைக்குள் கழகச் செயலாளரிடம் கொடுக்கலாம். முதல் நல்ல மழைக்கு அடுத்த ஞாயிறன்று, காலை 6 மணிக்கு ஏரி மதகருகே கூடுவோம். கடப்பாரையும் மண்வெட்டியும் கழகம் தரும். தடித்த அடியுள்ள செருப்பு மட்டும் அவரவர் அணிந்து வருக. அந்த முள் ரப்பர் செருப்பை எளிதாய்த் துளைத்துவிடும்.