அடுத்த ஆண்டின் கணக்கு



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சிலர் கிராம நிர்வாக அலுவலராகவும், சிலர் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவும் உட்காரப் போகிறீர்கள். அரசு ஆண்டுதோறும் சொல்லும் கணக்கை எழுதப்போகும் கைகள் உங்களுடையவை. ஆகவே அந்தக் கணக்கைப் பற்றியே பேசுகிறேன்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கிற நம் மண்டகப்பட்டில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் அயன், அரன், அரி மூவருக்கும் இது ஆக்கப்பட்டது என்கிறது. செய்தவன் யார், யாருக்காக, எதைக் கொண்டு என்று எல்லாம் அதில் உண்டு. அதைவிட முக்கியம், சொன்ன பொருள் இன்றும் அங்கேயே நிற்கிறது. போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆட்சி தன் ஆண்டுக் கணக்கைக் குடிமக்கள் முன் வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் மிகப் பழையதல்ல. 1881இல் மைசூரில் திவான் ரங்காசார்லு பிரதிநிதிகள் சபையைக் கூட்டி, ஆண்டின் நிர்வாகத்தை அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அந்தச் சபைக்கு ஆட்சியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. குறைகளைச் சொல்லலாம், அவ்வளவுதான். இன்று நம் சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையோடு கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. எத்தனை கிலோமீட்டர் சாலை, எத்தனை பாலம், எத்தனை குடிநீர் இணைப்பு என்று அதில் இருக்கும். யாரும் எடுத்துப் படிக்கலாம். படியுங்கள். அலுப்பூட்டும் நடைதான், ஆனால் உங்கள் ஊர் அதற்குள் இருக்கிறது.

அந்தக் குறிப்பில் எது எண்ணப்படுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் முடித்த வேலை எண்ணப்படுகிறது. முடித்த வேலை அடுத்த ஆண்டு என்ன ஆனது என்பது அபூர்வமாகவே வரும்.

நம் விழுப்புரம் மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் இடையே தென்பெண்ணையாற்றில் சுமார் 25 கோடி ரூபாயில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் அதன் ஒரு பக்கம் உடைந்தது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபடி சேதம். கடைசியில் கரையைக் காப்பாற்ற வெடிவைத்தார்கள். 2020இன் கணக்கில் அது நிறைவேறிய பணி. அந்த நீரை நம்பி நிலத்தடி நீர் உயரும் என்று காத்திருந்த உழவனுடைய கணக்கில் என்ன எழுதுவது?

பனமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நந்தன் கால்வாய் தெரியும். கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து புறப்பட்டு, வழியில் ஏரிகளை நிரப்பிக்கொண்டு பனமலை ஏரிக்கு வரவேண்டிய வாய்க்கால். அதைச் சீரமைக்கச் சொல்லி விவசாயிகள் பல காலம் போராடியிருக்கிறார்கள். தூர்வாரிய நீளம் ஓர் எண். கடைமடை ஏரிக்குத் தண்ணீர் வந்த நாள்கள் இன்னோர் எண். முதல் எண்ணை ஒப்பந்ததாரர் பில்லிலிருந்து எழுதிவிடலாம். இரண்டாவதை எழுத யாராவது கரையில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். என் ஆசையெல்லாம் அந்த யாராவது நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான்.

எல்லாம் இப்படி என்று நான் சொல்லவரவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்தச் சேவை திறப்புவிழா நாளோடு முடிவதில்லை. தினமும் காலையில் பிள்ளை தட்டோடு உட்காரும்போது அது மறுபடி சோதிக்கப்படுகிறது. உப்புமா வரவில்லை என்றால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். குடிநீருக்கும் அப்படியொரு தினசரிக் கணக்கு வேண்டும். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். குழாய் பொருத்தியாயிற்று என்பது பாதிச் செய்தி. ஆடி மாதத்தில் அதில் எத்தனை குடம் வருகிறது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், மீதி தெரியும்.

அலுவலராகப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போய்ப் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மேலே அவசரமாகக் கேட்கிறார்கள்’ என்பார்கள். அந்த அவசரத்தில் எழுதும் எண்தான் சட்டமன்றம் வரை போகிறது.

அலுவலராகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். வரவு செலவு அங்கே வைக்கப்படும். இந்த ஆண்டு என்ன கட்டினீர்கள் என்று கேட்க அங்கே பலர் இருப்பார்கள். போன ஆண்டு கட்டிய தொட்டி இன்று நிரம்புகிறதா, போன ஆண்டு போட்ட தெருவிளக்கு எரிகிறதா என்று நீங்கள் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். மனு எழுதத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் காத்திருப்பார், அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.