தூளிக் கயிறு கால் கட்டைவிரலில்

(ஆம்பூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீர்கள். நான் குழந்தைகளின் பகல் தூக்கம் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க.

வங்கியில் எனக்கு கேஷ் கவுண்டர். போன மாதம் குழுக் கடன் தவணை கட்ட ஒரு அக்கா வந்திருந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் டோக்கன் நம்பரை உரக்கக் கூப்பிட்டேன். குழந்தை வீறிட்டு எழுந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் தூங்கும்னு பார்த்தேன் சார். ரெண்டு ஜோடி போச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். என் அம்மாவும் வீட்டில் ஷூ அப்பர் தைத்தவர்தான். தூளிக் கயிறு கால் கட்டைவிரலில், ஊசி கையில். தங்கச்சி கண் அசந்தால் கை வேகம், சிணுங்கினால் கால் வேகம். வாசலில் காவல் எனக்கு. ஐஸ்காரர் மணி அடித்தால் ஓடிப்போய், "அண்ணே, பாப்பா தூங்குது" என்று கும்பிட வேண்டும். எழுந்துவிட்டால் அடி எனக்கு.

நாலு மாதம் முதல் ஒரு வயது வரை நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரமும், அடுத்த வருஷம் 11 முதல் 14 மணி நேரமும், பகல் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்க வேண்டும் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கண்ணைக் கசக்கினால் கிடத்துங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். நம் தெருவில் நேரம் குறிப்பது ஏஜெண்ட் வண்டி. ஒன்றரை வயது வாக்கில் இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகும். மற்ற வீட்டில் "பையன் வளர்ந்துட்டான்" என்பார்கள். தைக்கிற வீட்டில் அது கூலிக் குறைப்பு.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. 1920-களில் பம்பாய் மில்லுக்குப் போன தாய்மார்கள் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்க வைத்தார்கள். அவர்களைத் திட்டினவர்கள் நிறையப் பேர். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப். செலவில் பெரும்பங்கு அரசைச் சேரும், ஆனால் அந்த உழைப்பில் ஆதாயம் பார்க்கும் முதலாளியும் தப்ப முடியாது என்பது அவர் வாதம்.

சட்டம் வந்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தது. ஐம்பது பேர் வேலை செய்தால் காப்பகம், தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017-ன் மகப்பேறு நலத் திருத்தம். 2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. சரி, திண்ணையில் தைக்கிற அக்கா அந்த ஐம்பதில் ஒருத்தியா? கம்பெனி கேட்டுக்குள் அவர் காலே வைத்ததில்லை. தைத்த அப்பர் மட்டும் போகிறது, கப்பலும் ஏறுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 1996-ல் வந்தது, 177-ஆம் எண். மகப்பேறுப் பாதுகாப்பும் அதில் உண்டு. இந்தியா அதை ஏற்கவில்லை. அங்கன்வாடி கைக்குழந்தைக்குச் சத்துமாவு தருகிறது, பெரும்பாலும் தூங்க இடம் தருவதில்லை.

கம்பெனிக்குள் காப்பகம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தெருவுக்கு ஒன்று கேளுங்கள், அரசும் ஏற்றுமதி முதலாளியும் சேர்ந்து செலவு செய்யட்டும். கேட்கக் கணக்கு வேண்டும். எந்த வீட்டில் அப்பர் தைக்கிறார்கள், எத்தனை தூளி, ஜோடிக்கு என்ன கூலி, யார் ஏஜெண்ட், எந்தக் கம்பெனி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாயந்திரம் போங்கள். மத்தியானம் போய்க் கதவைத் தட்டாதீங்க.